ஹப்பைக் குறை சொல்வதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபத்திலிருந்து தொண்டி வரை இ-சேவை மையம், ஸ்டூடியோ என்று புதிதாகக் கடை போடுகிற இளைஞர்கள் இப்போது நிறைய. ஒரு லேப்டாப், அதில் ஒரு யூஎஸ்பி ஹப் (ஒரு போர்ட்டை, அதாவது செருகும் துளையை, பலவாக்கும் சின்னப் பெட்டி), பிரின்டர் முதல் கைரேகைக் கருவி வரை எல்லாம் அந்த ஹப்பில். என்னிடம் சர்வீஸுக்குக் கொண்டுவரும் புகாரும் ஏறக்குறைய ஒன்றேதான்: ஹப் சரியில்லை, மாட்டியது வேலை செய்யவில்லை. வயர் கழன்றதா, டிரைவர் போட்டதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள். அதை விட்டுவிடுகிறேன்.

அடாப்டர் இல்லாத ஹப்பில் ஹார்டு டிஸ்க்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், 3.0 என்றால் 900. தனி அடாப்டர் இல்லாத ஹப், அந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தைத்தான் எல்லாக் கருவிகளுக்கும் பங்கு வைக்கிறது. மவுஸ், கீபோர்டு கொஞ்சம்தான் எடுக்கும். ஹார்டு டிஸ்க்கின் மோட்டார் சுழலத் தொடங்கும்போது அதற்கே ஒரு முழு போர்ட் போதாமல் போகலாம். அப்போது டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டும், திரையிலிருந்து மறையும், திரும்ப வரும். எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படி அறுந்தால் ஃபைல் சிஸ்டம், அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற கணக்கு, கெடலாம்.

அப்புறம்தான் விண்டோஸ் கேட்கும்: டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்யட்டுமா என்று. கீழக்கரையில் ஒரு கல்யாண வேலை. உதவிக்கு இருந்த பையன் 'சரி' என்று அழுத்திவிட்டான். டிஸ்க் காலியாக வந்ததும், நல்லதாகிவிட்டது என்று மறுநாள் எடுத்த படங்களை அதன் மேலேயே ஏற்றினான். மெமரி கார்டை ஏற்கெனவே அழித்தாயிற்று. "அண்ணே, எப்படியாவது எடுத்துக் குடுங்கண்ணே" என்று வந்து நின்றார்கள். ஃபார்மேட்டோடு நிறுத்தியிருந்தால் பெரும்பகுதியை மீட்டிருக்கலாம். மேலே எழுதிய இடத்தில் இருந்தது போனது போனதுதான். நிக்காஹ் வீடியோ அதில் இருந்தது. அந்த வீட்டாருக்கு நான் என்ன பதில் சொல்வது?

அந்தக் கேள்வி வந்தால் கேன்சல் கொடுங்கள். டிஸ்க்கை அதன் சொந்தக் கேபிளில் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். திறந்தால் முதல் வேலை காப்பி எடுப்பது. திறக்கவில்லையா, விண்டோஸில் டிஸ்க் பிழைகளைத் திருத்தும் 'செக் டிஸ்க்' ஓட்டாமல் அப்படியே கொண்டுவாருங்கள். பழுதான டிஸ்க்கை அது இன்னும் கெடுக்கலாம்.

கிடைத்த அடாப்டரைச் செருகுவது

முனை பொருந்தினால் போதாது. 5 வோல்ட் ஹப்புக்கு மோடத்தின் 12 வோல்ட் அடாப்டரைப் போட்டால், ஹப்போடு சேர்ந்து அதில் மாட்டியதும் கருகலாம்.

ஹப்பில் இன்னொரு ஹப்

வேண்டாம்.

சும்மா இருந்தால் கைரேகைக் கருவி தூங்கிவிடுவது

கருவி கெடவில்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி ரூட் ஹப்' (லேப்டாப்புக்குள்ளேயே இருப்பது) என்பதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

வயர்லெஸ் மவுஸ் டாங்கிளை ஹார்டு டிஸ்க் பக்கத்தில் செருகுவது

யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழும், மவுஸ் தத்தும். டாங்கிளை, அதாவது மவுஸோடு வரும் அந்தக் குட்டி ரிசீவரை, தள்ளி வையுங்கள்.

உப்புக் காற்றை மறப்பது

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடலைப் பார்த்த கடையென்றால் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள்; தூசிதான் ஒட்டும். ஹப்பைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். துடைத்த பிறகும் இணைப்பு விட்டு விட்டு வருகிற போர்ட்டின் வாயில் டேப் ஒட்டிவிடுங்கள், கடையில் வேறு யாரும் தெரியாமல் டிஸ்க்கைச் செருகாதபடி.