இரண்டு யூனிட் மண்ணில் வந்த வினை: வீட்டுப் புல்தரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் மதுரை நாகனாகுளம் பக்கம் ஒரு புது வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் டிப்பர் மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது. "கண்மாய் மண்ணுண்ணே, நல்லா கருகருன்னு இருக்கு. நாளைக்கே புல்லைப் பதிச்சிருவோம்" என்றார் வீட்டுக்காரத் தம்பி. குனிந்து ஒரு கட்டியை உடைத்தேன். உள்ளே புளியங்கொட்டை அளவில் மூன்று கிழங்கு. அந்தக் காலைப்பொழுதே எனக்குக் கசந்துவிட்டது.

உரம் கூடிப்போவது, வெட்ட மறப்பது போன்றவற்றைப் புல்லே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிழங்கோடு மண் வாங்குவது

அது கோரைக்கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிக்குக் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதேதான். முன்பு என் வீட்டில் புல் போட்டபோது, எனக்கு அது லாரியில் இலவசமாக வந்தது. ஒன்றரை சென்ட் இடத்தில் நாலு அங்குலம் பரப்ப இரண்டு யூனிட் (இருநூறு கன அடி) மண் பிடித்தது. சலிக்கவில்லை, காயப்போடவில்லை. மறுநாளே கொரியன் புல்லைப் பதித்தேன். இருபதாம் நாள் புல்லைவிட உயரமாக, பளபளவென்று ஏதோ எழுந்து நின்றது. புல்தான் செழிக்கிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

தண்டை விரலில் உருட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: புல் தண்டு உருளும், கோரைத் தண்டு மூன்று பட்டையாக நெருடும்.

பிடுங்கினேன், இன்னும் பெருகியது. கிழங்குகள் மண்ணுக்குள் சரம் சரமாகக் கோத்துக் கிடக்கும். ஒன்று முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். இழுத்துச் சரத்தை அறுத்தால் அவையும் விழித்துக்கொள்ளும். ஓரத்தில் பாலிதீன் விரித்துப் பார்த்தேன். ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு மேலே வந்தது. களைக்கொல்லி அடித்ததில் கோரையோடு புல்லும் கருகியது. மூன்று வாரத்தில் கோரை மட்டும் திரும்பி வந்தது. கடைசியில் புல்லையும் மண்ணையும் சேர்த்து வழித்தெடுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கண்மாய் மண்ணே ஆகாது என்று சொல்லவில்லை. சித்திரை, வைகாசியில் இறக்குங்கள். சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். கோரைக்கிழங்குக்கு வெள்ளம் பொருட்டில்லை. ஆனால் வெயிலில் வற்றினால் செத்துப்போகும். நம்மூர் வெயிலால் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான். ஆடியில் மண்ணை நனைத்து மூன்று வாரம் சும்மா விடுங்கள். தப்பியது முளைக்கும். களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுத்து, மறுபடி நனைத்துப் பாருங்கள். புல் பதிப்பது அதற்குப் பிறகு.

இந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். "கிரகப்பிரவேசத்துக்குப் பச்சையா இருக்கணும்ணே" என்றார். தொட்டியில் நாலு செடி வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பங்குனியில் பதிப்பது

ஆவணி, புரட்டாசியில் பதியுங்கள். மதுரைக்குப் பெரிய மழை ஐப்பசியில்தான். அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும்.

தினமும் தெளிப்பது

சாயங்காலம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நிற்பது மனசுக்கு இதம், வேருக்குக் கேடு. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே படரும். போர் தண்ணீர் ஒரு வாரம் ஏமாற்றினால் எல்லாம் மடங்கிவிடும். இரண்டு நாளைக்கான தண்ணீரைச் சேர்த்து ஒரே நாள் விடிகாலையில் விடுங்கள். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். விட்ட பிறகு நீள ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் நாலைந்து அங்குலம் தடையில்லாமல் இறங்க வேண்டும். கணக்கும் எளிது: ஒரு சென்ட் இடத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் வேண்டும். மொட்டைமாடி டேங்க் ஒன்று முழுசாகக் காலி. அதனால்தான் நான்கு சென்ட்டில் புல் கேட்பவர்களிடம் ஒன்றில் போடுங்கள் என்கிறேன்.

மிதித்த கால்தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் புல்லுக்குத் தாகம். நாள்காட்டியைவிட நான் நம்புவது அதைத்தான்.

வேப்பமர நிழலில் அருகம்புல்

வராது. நிழலுக்கு எருமைப்புல் போடுங்கள்.

கோடையில் ஒட்ட வெட்டுவது

ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

ஆர்.ஓ. கழிவுநீர்

வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. புல்லில் ஊற்றாதீர்கள்.

காய்ந்துவிட்டது என்று பிடுங்குவது

வைகாசியில் அருகம்புல் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் பதறி, கொத்திப் போட்டுவிட்டுப் புதுப் புல்லுக்கு அலைகிறார்கள். இலை காய்ந்தாலும் மண்ணுக்குள் தண்டு உயிரோடுதான் இருக்கும். ஒரு பிடியைப் பெயர்த்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கண்மாய்க் கரையில் யாரும் தண்ணீர் ஊற்றாத அருகு, முதல் மழை பெய்த வாரத்திலேயே பச்சை கட்டுகிறது.