வீட்டு உபயோகத்துக்குக் கட்டுப்படியாகும் கேம்கோடர்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கையில் நல்ல செல்பேசி இருக்கும்போது வீட்டு உபயோகத்துக்கெனத் தனியாக ஒரு கேம்கோடர், அதாவது வீடியோ எடுப்பதற்கென்றே உள்ள கையடக்கக் கேமரா, தேவையா என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது, ஏனெனில் மற்ற எல்லாத் தேர்வுகளும் அதைப் பொறுத்தே அமையும். பிறந்தநாள், தவழும் குழந்தை, குடும்பச் சுற்றுலா என்று பக்கத்தில் நடப்பவற்றைப் பதிவு செய்யச் செல்பேசியே போதும். மங்கிய வெளிச்சத்தில் இன்றைய நடுத்தர விலைச் செல்பேசிகள் பல, மலிவுக் கேம்கோடர்களைவிடத் தெளிவான படத்தைத் தருகின்றன. பள்ளி ஆண்டு விழாவில் கிடைக்கும் பின்வரிசை இருக்கை, இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும் அரங்கேற்றம், மைதானத்தின் மறுமுனையில் நடக்கும் ஓட்டப்பந்தயம் ஆகியவைதான் கேம்கோடரின் களம். அங்கே தொலைவிலிருந்து முகத்தை நெருக்கிக் காட்டவும், இடையில் நிற்காமல் பதிவு செய்யவும், பேட்டரி தீர்ந்தால் வேறொன்றை மாற்றிப்போடவும் முடிகிறது. புகைப்படக் கேமராவே வீடியோவும் எடுக்குமே என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அரை மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யும் கருவிகளை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமரா எனக் கணக்கிட்டுக் கூடுதல் சுங்க வரி விதித்துவந்ததால், அவற்றில் பல 29 நிமிடம் 59 நொடியில் தாமாகவே நின்றுவிடும்படி செய்யப்பட்டன.

கேம்கோடர் தேவைதான் என்று முடிவானால், அதிக நேரம் செலவிட்டு ஆராய வேண்டியது ஜூம். ஆப்டிகல் ஜூம் என்பது லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகள் நகர்ந்து காட்சியை உண்மையாகவே நெருக்கிக் காட்டுவது. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது மட்டுமே. அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண் எந்த ஜூமைக் குறிக்கிறது என்பதை விற்பனையாளர் சொல்வதை வைத்து நம்பிவிட வேண்டாம், லென்ஸைச் சுற்றி அச்சிட்டிருப்பதைப் படித்தாலே தெரிந்துவிடும். சோனியின் எச்டிஆர்-சிஎக்ஸ்405 என்ற தொடக்கநிலைக் கேம்கோடரின் குவியத் தொலைவு (லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதைக் குறிக்கும் அளவு) 1.9 முதல் 57 மில்லிமீட்டர் வரை; பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் 30 கிடைக்கிறது, அதுவே அதன் ஆப்டிகல் ஜூம். ஒரே ஓர் எண் மட்டும் இருந்தால் அந்தக் கருவியில் ஆப்டிகல் ஜூம் கிடையாது.

முப்பது மடங்கு என்றால் நடைமுறையில் எவ்வளவு? 25 மீட்டர் தள்ளி அமர்ந்து அதை முழுவதும் நெருக்கினால், மேடையில் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான அகலம் மட்டுமே திரையை நிரப்பும். அதாவது ஒரு குழந்தையின் இடுப்புக்கு மேற்பட்ட உருவம். பத்து மடங்கில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அகலம் தெரியும், குழு நடனத்துக்கு அது போதும். பானாசோனிக்கின் எச்சி-வி180 போன்றவை 50 மடங்கு வரை தருகின்றன என்றாலும், அந்த எல்லையில் மூச்சு விடும் அசைவுகூடப் படத்தை ஆட்டிவிடும் என்பதால் ட்ரைபாட் இல்லாதவர்களுக்கு 20 முதல் 30 மடங்குக்கு மேல் பயன் குறைவு. படத்தை வெட்டாமலே அதிர்வைச் சமாளிக்கும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இணையக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்கு, 4கே என்றும் 48 மெகாபிக்சல் என்றும் விளம்பரப்படுத்தப்படும் பெயர் தெரியாத கேம்கோடர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றோடு மைக், விளக்கு, ரிமோட் எல்லாம் இலவசமாக வரும். ஆப்டிகல் ஜூமும் தானாகக் குவியும் வசதியும் பெரும்பாலும் இருக்காது. ஃபுல் எச்டி வீடியோவின் ஒரு காட்சிச் சட்டத்துக்குச் சுமார் 21 லட்சம் புள்ளிகளும், 4கே வீடியோவுக்குச் சுமார் 83 லட்சம் புள்ளிகளும் போதும் என்பதால், 48 மெகாபிக்சல் என்பது வீடியோவின் தரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அந்தத் தொகையைச் செலவழிப்பதைவிடச் செல்பேசிக்கு ஒரு ட்ரைபாட் வாங்கிக்கொள்ளலாம் என்பதே என் கருத்து.

அடுத்தது வெளிச்சம். மேலே சொன்ன சோனி கேம்கோடரில் ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் 1/5.8 அங்குல வகையைச் சேர்ந்தது, அதாவது சுண்டுவிரல் நகத்தைவிடவும் சிறியது. பகலில் மொட்டை மாடியில் குறை தெரியாது, மங்கலான மண்டபத்தில் மட்டும் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் லென்ஸ் அகலக் காட்சியில் எஃப் 1.8 அளவு திறந்திருந்தாலும், முழுவதும் நெருக்கும்போது திறப்பு எஃப் 4.0 ஆகச் சுருங்கி (எஃப் எண் கூடினால் திறப்பு குறையும்), வெளிச்சம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே மண்டபத்துக்குள் ஜூமை இழுப்பதைவிட, முடிந்தால் நான்கு வரிசை முன்னே போய் அமர்வது மேல்.

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் வாங்கிவரும் கேம்கோடரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் 60 சுற்று. நம் ஊர் டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரிவதால், நொடிக்கு 60 சட்டங்கள் எடுக்கும் கேமராவில் அது சிமிட்டலாகவோ நகரும் பட்டைகளாகவோ பதிவாகக்கூடும். 50-க்கு மாற்றும் வசதி மெனுவில் இருக்கிறதா என்றும், இல்லையென்றால் ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/100 நொடி என்று கையால் அமைக்க முடிகிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வாங்கிவரச் சொல்லலாம். இரண்டும் இல்லாத கருவி வெயிலில் மட்டுமே முழுதாகப் பயன்படும்.

ஒலியைப் பலரும் வாங்கிய பிறகே நினைக்கிறார்கள். ஜூம் காட்சியை நெருக்கும் அளவுக்கு ஒலியை நெருக்காது. மேடைப் பேச்சோடு பக்கத்து இருக்கைக்காரரின் இருமலும் சேர்ந்தே பதிவாகும். பாட்டையும் பேச்சையும் அடிக்கடி பதிவு செய்பவர்கள் வெளி மைக் செருகும் துளை உள்ள மாடலுக்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவது தகும். மற்றவர்களுக்கு அது அவசியமில்லை.

மெமரி கார்டின் கொள்ளளவைக் கணக்கிட்டு வாங்க வேண்டும். கேம்கோடர்களில் வழக்கமான ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையின் உயர்ந்த தரம் நொடிக்கு 28 மெகாபிட் என்பதால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 12.6 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டில் ஐந்து மணி நேரம் அடங்கும். நொடிக்கு 50 மெகாபிட் முறையில் அதே கார்டு மூன்று மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். இரண்டுக்கும் கிளாஸ் 10 என்ற வேகக் குறியீடு உள்ள கார்டே போதும். கணினி பழக்கம் குறைந்தவர்கள் எம்பி4 வடிவில் பதிவு செய்வது எளிது. ஏவிசிஎச்டி என்றால் ஒரே நிகழ்ச்சி பல கோப்புகளாகப் பிரிந்துகிடக்கும் என்பதால் கோப்புறையை முழுவதுமாகப் படியெடுக்க வேண்டும். பேட்டரி நேரத்தைப் பொறுத்தவரை, நிறுவனம் சொல்லும் தொடர் பதிவு நேரத்தில் பாதி கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு, இரண்டாவது பேட்டரியின் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக்குப் போகும்போது சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய், கடையின் இருண்ட மூலையையும் வாசலுக்கு எதிரே உள்ள பெயர்ப்பலகையையும் மாறி மாறிப் பதிவு செய்து, வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டலாம். கேமராவின் சின்னத் திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும். இந்திய உத்தரவாதமும் ஜிஎஸ்டி ரசீதும் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால், பழுது பார்க்கும் செலவு முழுவதும் நம்முடையது என்று பொருள்.

பழைய கருவி வாங்குபவர்கள் மினிடிவி (MiniDV) எனப்படும் சிறு நாடாவில் பதியும் கேம்கோடர்களைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அவற்றிலிருந்து வீடியோவை எடுக்கத் தேவையான ஃபயர்வயர் இணைப்பு இன்றைய மடிக்கணினிகளில் இல்லை. வீட்டில் இருக்கும் பழைய நாடாக்களை மாற்றிக்கொள்வதற்காக வாங்குவது வேறு விஷயம். கார்டில் பதியும் கருவியானாலும், லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மூடிவைத்திருந்த கருவிகளில் அடிக்கடி காணப்படுவது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்க வேண்டாம்.