அம்மாவுக்காகக் கையால் தைக்கும் சிறு புத்தகம்: செய்முறை விளக்கம்

அன்னையர் தினம் அமைய முன்னின்று உழைத்த அன்னா ஜார்விஸ், பின்னாளில் அந்த நாள் வியாபாரமாகிப் போனதைக் கடுமையாக எதிர்த்தார். 1914-ல் அமெரிக்க அதிபர் வுட்ரோ வில்சன் மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறை அன்னையர் தினமாக அறிவித்தார். அதன்பின் பெருகிய அச்சு வாழ்த்து அட்டைகளை ஜார்விஸ் விடாமல் சாடினார். இந்த விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம். உங்கள் கையெழுத்தில் 24 பக்கங்கள் கொண்ட ஒரு புத்தகத்தைச் செய்து கொடுங்கள். ஊசியில் நூல் கோர்க்கத் தெரிந்தால் போதும்.

தேவையானவை: ஏ4 தாள் 6 (100 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள தாள் இருந்தால் நல்லது), மேலட்டைக்கு அதே அளவில் சற்றுத் தடித்த அட்டை ஒன்று, தடித்த ஊசி, உறுதியான பருத்தி நூல், மெழுகுவர்த்தித் துண்டு, ஸ்கேல், பென்சில்.

முதலில் எழுத வேண்டியதைச் சேருங்கள்

இதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். தையல் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தப் பகுதிதான் பரிசு. அம்மா அடிக்கடி சொல்லும் வாக்கியங்களை அவர் சொல்லும் விதத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவர் செய்து, நீங்கள் இதுவரை நன்றி சொல்லாமல் விட்ட காரியங்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். “அன்பின் வடிவமே” என்ற வகை வரிகள் வேண்டாம். அவை எந்த அம்மாவுக்கும் பொருந்தும். “தேர்வு நாட்களில் வாசல்வரை வந்து, பேனாவில் மை இருக்கிறதா என்று கேட்பாய்” என்ற வரி உங்கள் அம்மாவுக்கு மட்டுமே உரியது. பக்கத்துக்கு ஒரு நினைவு போதும். கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விடுங்கள்.

மடிப்பு

ஆறு தாள்களையும் தனித்தனியே பாதியாக மடியுங்கள். மடிப்பின் மேல் ஒரு கரண்டியின் பின்புறத்தை அழுத்தித் தேய்த்தால் விளிம்பு கூர்மையாகும். பிறகு ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகுங்கள். மேலட்டையை அப்படியே மடித்தால் வெடிக்கக்கூடும். மை தீர்ந்த பேனாவால், ஸ்கேலை வைத்து, நடுவில் ஒரு கோடு அழுத்திக் கீறிவிட்டு மடியுங்கள்.

எழுதுதல்

தைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். பிழை நேர்ந்தால் ஒரு தாளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தாள்களைப் பிரிப்பதற்கு முன், செருகிய நிலையிலேயே பென்சிலால் 1 முதல் 24 வரை பக்க எண் இட்டுவிட வேண்டும். வெளித்தாளில் 1, 2, 23, 24 ஆகிய பக்கங்கள் வரும். எண் இல்லாவிட்டால் வரிசை குழம்பிவிடும். மடிப்பை ஒட்டி 2 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், அதன் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். நிறமி மை (pigment ink) கொண்ட கறுப்புப் பேனாவே சிறந்தது. எழுத்து பெரிதாக இருக்கட்டும். அம்மா கண்ணாடியைத் தேடாமல் படிக்க வேண்டும். படம் ஒட்டுவதானால் மூலப் படத்தை விட்டுவிட்டு நகலை ஒட்டுங்கள்.

துளையும் தையலும்

மேலட்டைக்குள் தாள்களைச் செருகி, நடுப்பக்கத்தைத் திறந்து வையுங்கள். மடிப்புக் கோட்டில் மூன்று புள்ளிகள்: சரிநடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி ஒவ்வொன்று. ஊசியை மடிப்பின் வழியாகவே, மேலட்டையையும் சேர்த்துக் குத்துங்கள். துளை மடிப்பைவிட்டு விலகினால் புத்தகம் கோணலாக நிற்கும்.

நூல் 55 சென்டிமீட்டர் போதும். அதை மெழுகில் இருமுறை இழுத்தால் சிக்காது, முடிச்சும் நழுவாது.

உள்ளிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுங்கள். பத்து சென்டிமீட்டர் நூல் உள்ளே மிச்சம் நிற்கட்டும். வெளிப்புறமாக மேலே சென்று மேல்துளையில் உள்ளே நுழையுங்கள். உள்ளே நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளைக்கு இறங்கி, வெளியே வாருங்கள். மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே நுழையுங்கள். இப்போது இரு நுனிகளும் உள்ளே இருக்கும். நடுவில் ஓடும் நீண்ட நூலுக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று நுனிகள் நிற்க வேண்டும். இது தவறினால் கட்டு நிற்காது. நூலை மடிப்பின் போக்கிலேயே இழுத்து இறுக்குங்கள். செங்குத்தாக இழுத்தால் தாள் கிழியும். நீண்ட நூலை அணைத்து இரட்டை முடிச்சுப் போட்டு, நுனிகளை 1 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள்.

கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைத்தால் படிந்துவிடும். உள்தாள்களின் ஓரம் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை நான் வெட்டுவதில்லை.

கொடுத்தவுடன் எதிரில் நின்று முகத்தைப் பார்க்காதீர்கள், அம்மா தனியாகப் படிக்கட்டும். வாசிக்கச் சிரமப்படுபவர் என்றால் மட்டும் அருகில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். குறுக்கிட்டு அவர் சொல்லும் திருத்தங்களை அந்த நான்கு வெற்றுப் பக்கங்களில் எழுதிக்கொள்ளுங்கள்.