பழைய வண்டி எலக்ட்ரிக்கல்: நான் காசு தண்டம் கட்டுன தப்பை நீங்களும் பண்ணாதீங்க

போன வாரம் நீடாமங்கலத்துலேர்ந்து ஒரு தம்பி பழைய புல்லட்டை டாடா ஏஸ்ல ஏத்திக்கிட்டு வந்தான். "அண்ணே, அஞ்சு மாசத்துல இது ரெண்டாவது பேட்டரிண்ணே, இதுவும் இறங்கிடுது, சார்ஜ் ஏத்துற காயில் போயிருக்கும்ங்குறாங்க"ன்னான். நான் வண்டிய சுத்தி ஒருதடவை பாத்துட்டு, "ஃப்ரேமுக்கு பெயிண்ட் அடிச்சியா?"ன்னு கேட்டேன். "பவுடர் கோட்டிங்ண்ணே, எப்புடிண்ணே கண்டுபுடிச்சீங்க?"

கண்டுபுடிக்கல்லாம் இல்ல, 2017-ல அதே கூத்தை நானே அடிச்சிருக்கேன்.

பல்பு போனது, கில் ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தது, டெர்மினல் லூஸா இருந்தது, இதெல்லாம் இங்க சொல்ல போறதில்ல, அது ரெண்டு நாள்ல தானா தெரிஞ்சுடும். காசைத் தின்னுற தப்பை மட்டும் சொல்றேன்.

பெயிண்ட் மேல எர்த் ஒயரை முடுக்குறது

எர்த் ஒயர்ங்குறது பேட்டரி மைனஸை ஃப்ரேமோட சேக்குற ஒயர், கரண்ட் பேட்டரிக்கு திரும்புற வழி அதுதான். என் வண்டிக்கும் ஃப்ரேமை கழட்டி பளபளன்னு அடிச்சு மாட்டினேன். மாட்டுன ஒரு மாசத்துல ஹார்ன் அடைச்ச தொண்டை மாதிரி கத்துது, பிரேக் மிதிச்சா ஹெட்லைட் மங்குது, இண்டிகேட்டர் போட்டா பின்னாடி லைட்டும் சேந்து மினுக்குது. பேட்டரி மாத்தினேன். சரியாகல. தஞ்சாவூர்ல ஒரு கடையில ரெக்டிஃபையர்னாங்க (காயில் கரண்டை பேட்டரிக்கு ஏத்த டிசியா மாத்துற டப்பா), அதையும் மாத்தினேன். அப்பறம் காயில் கட்டணும்னாங்க, ப்ரைமரி கேஸை பிரிச்சு, ஆயிலை வடிச்சு, காயிலும் கட்டியாச்சு. எட்டாயிரத்து சொச்சம் போச்சு, வண்டி அப்புடியேதான் இருந்துச்சு. கடைசியில பாத்தா எர்த் ஒயரோட ரிங் டெர்மினல் புது பெயிண்ட் மேல ஜம்முனு உக்காந்திருக்கு, போல்ட்டோட மரை வழியா ஏதோ கொஞ்சமா கரண்ட் கசிஞ்சு வண்டி ஓடிட்டு இருந்திருக்கு. அரை ரூபா உப்புத்தாள் வேலை.

இதுல எனக்கு இன்னைக்கும் எரிச்சல் வர்றது எதுன்னா, நான் அன்னைக்கே அந்த எர்த்தை செக் பண்ணினேன், மல்டிமீட்டரை கன்டினியூட்டியில (ஒயர் தொடர்பு இருந்தா பீப் அடிக்கிற செட்டிங்) வச்சு பேட்டரி மைனஸ்லேர்ந்து இன்ஜினுக்கு தொட்டேன், பீப்னு கத்துச்சு, எர்த் ஓகேன்னு அடுத்த வேலைக்கு போயிட்டேன். அந்த பீப் பொய் சொல்லும்ங்க. மீட்டர் அனுப்புறது மில்லி ஆம்பியர் கணக்குல ஒரு துளி கரண்ட், ஒயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது போயிடும், ஆனா ஹெட்லைட்டுக்கு மட்டும் நாலஞ்சு ஆம்பியர் வேணும், அந்த ஒத்த இழை என்ன பண்ணும்? நம்மூர்ல சொல்லணும்னா வாய்க்கால் பூரா வெங்காயத்தாமரை அடைச்சு கெடக்கு, கீழ கொஞ்சமா தண்ணி ஓடுறத பாத்துட்டு "தண்ணி வருதே"ன்னு சொல்ற மாதிரி. கடைமடைக்கு பாயுதான்னு பாக்கணும். அத விட்டுட்டு மேட்டூர்ல தண்ணி இல்லன்னு சொன்னா எப்புடி?

அதனால எர்த்தை லோடு குடுத்துதான் பாக்கணும். மீட்டரை டிசி 20 வோல்ட்ல வைங்க. ஒரு முனை பேட்டரி மைனஸ் போஸ்ட்ல, க்ளாம்ப்ல இல்ல, ஈயத்துலயே. இன்னொரு முனை இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத எடத்துல. இப்ப ஹெட்லைட்டை போட்டு, பிரேக்கை மிதிச்சு, ஹார்னை அமுக்குங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள காட்டுனா எர்த் நல்லாருக்கு. எனக்கு அன்னைக்கு 1.6 காட்டுச்சு. அந்த 1.6 வோல்ட் பூரா பெயிண்டுலயும் துருவுலயும் தண்டமா போகுது. சார்ஜ் ஏறுறதும் அதே வழியாதான் பேட்டரிக்கு திரும்பணும், அதனாலதான் பேட்டரி எப்பவும் அரை வயித்தோட கெடக்குது.

ரிங் உக்கார்ற எடத்தை வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் தேச்சு, முடுக்குன அப்பறம் மேல வேசலின் தடவி விடுங்க. வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்து வண்டின்னா உப்புக் காத்துல கப்ளரை (ஒயருங்க சேர்ற பிளாஸ்டிக் சொருகியை) கழட்டுனாலே உள்ள பச்சை பூத்திருக்கும், அங்க இதை வருஷத்துக்கு ரெண்டு தடவை பண்ணணும்.

அப்பறம் ஒண்ணு, நான் பழுதுன்னு ஒதுக்குன அந்த முதல் பேட்டரியை மச்சான் மோட்டார் கொட்டகை லைட்டுக்கு எடுத்துட்டு போனாரு. அடுத்த வருஷம் கஜா புயல் அடிச்சு வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கெடந்தப்ப எங்க தெருவுல பாதி பேருக்கு செல் சார்ஜ் ஏத்துனது அந்த 'செத்துப்போன' பேட்டரிதான். பாக்கும்போதெல்லாம் வயிறு எரிஞ்சுது.

அளக்காம பேட்டரி வாங்குறது

12 வோல்ட் பேட்டரின்னா, ராத்திரி பூரா நிறுத்தி வச்ச வண்டியில 12.6 வோல்ட் இருந்தா ஃபுல். 12.2-ன்னா பாதி. ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டர் குடுத்தா 14-ஐ ஒட்டி வரணும், ஏறவே இல்லன்னா சார்ஜ் இல்ல, 15-ஐ தாண்டுனா சார்ஜை அளவா வைக்கிற ரெகுலேட்டர் போச்சு. மூணு நிமிஷ வேலை இது. மீட்டர் வெலை பேட்டரி வெலையில கால்வாசி கூட இல்ல.

ஆம்ப்ஸ் மீட்டர் முள்ளைப் பாத்து பயப்படுறது

பேட்டரிக்கு கரண்ட் ஏறுதா இறங்குதான்னு காட்டுற மீட்டர் இது. லைட் போட்டுட்டு ஐடில்ல நின்னா முள் மைனஸ் பக்கம் சாயத்தான் செய்யும், இண்டிகேட்டர் போட்டா அதுக்கேத்த மாதிரி தாளம் போடும். கோளாறு இல்ல. ஓடும்போதும் மைனஸ்லயே நின்னாதான் கவலைப்படணும். ஆனா இந்த மீட்டரை தொடுறதுக்கு முன்னாடி பேட்டரி ஒயரை கழட்டுங்க. வண்டி கரண்ட் அத்தனையும் அது வழியாதான் போகுது, பின்னாடி இருக்க நட்டு லூஸானா வண்டியே செத்துரும், ஸ்பேனர் பட்டு ஹெட்லைட் டூம்ல (இரும்புக் கூட்டுல) இடிச்சா ஒயரிங் புகைஞ்சிரும். பழைய வண்டி நெறயத்துல நடுவுல பியூஸே கெடையாது.

பெட்ரோல் முள் ஆடலன்னு மீட்டரை மாத்துறது

மீட்டர் நல்லாத்தான் இருக்கும். டேங்க்ல இருக்க மிதவைக்கு போற கப்ளரை கழட்டி, வண்டி பக்கத்து ரெண்டு ஒயரையும் ஒரு செகண்ட் சேத்து பாருங்க. பெரும்பாலான ஜப்பான் டிசைன் வண்டிகள்ல முள் ஃபுல் பக்கம் ஏறும். ஏறுனா மீட்டர் ஓகே, மிதவைதான் கோளாறு. ஏறலன்னா மீட்டரை திட்டுறதுக்கு முன்னாடி அந்த எர்த் ஒயரை பாருங்க, மறுபடியும் எர்த்துதான், என்ன பண்றது.

ஸ்பீடோ கேபிளுக்கு கிரீஸை அள்ளி அப்புறது

கீழ்ப் பக்கம் மட்டும் லேசா தடவுங்க. மேல் முனையில வச்சா கிரீஸ் சுத்தி சுத்தி மீட்டருக்குள்ள ஏறிடும், அப்பறம் வண்டி நின்னாலும் முள் நாப்பதுலயே நிக்கும்.

பியூஸ் இடத்துல சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாள்

ஒயரிங் எரிஞ்ச வண்டி ரெண்டு என் கொட்டகையில நிக்குது, வந்து பாத்துட்டு போங்க.

எலி

அறுவடை சமயத்துல நெல் மூட்டை அடுக்குன திண்ணையில வண்டிய நிறுத்துனீங்கன்னா, தை மாசம் முடிஞ்சதும் டேங்கை தூக்கிப் பாத்துருங்க. அந்த தம்பி வண்டியிலயும் எர்த்தை தேச்சு மாட்டி 14.1 வந்துருச்சுன்னு சந்தோஷமா கிளம்புனான், அரை மணி நேரத்துல போன், "அண்ணே, ஹார்ன் மட்டும் வரலண்ணே." டேங்குக்கு அடியில நாலு விரக்கடைக்கு ஒயரை காணோமாம்.