அடிக்கடி அடிபட்ட உடம்பை மறுபடி பளுப் பயிற்சிக்குப் பழக்குவது எப்படி

ஜிம்மில் சேர்ந்த மூன்றாவது வாரம் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். ஒரு மாதம் ஓய்வு. திரும்பப் போனால் இந்தத் தடவை முட்டி. இப்படியே இரண்டு மூன்று முறை ஆனவர்கள் "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறார்கள். ஒத்துவரும். எடை ஏற்றும் வேகத்தைத்தான் மாற்ற வேண்டும்.

தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம். சில வாரங்களிலேயே பலம் திரும்பிவிடும். முன்பு பயிற்சி செய்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது தேற மாதக்கணக்காகும். மூன்றாவது வாரம் எடை லேசாகத் தெரிவது தசையின் கணக்கு. தசைநாண் அந்த எடைக்கு இன்னும் தயாராகியிருக்காது. அதிகமானதை அது அப்போதே சொல்லவும் சொல்லாது. மறுநாள் காலை படுக்கையை விட்டு எழும்போதுதான் சொல்லும். அதனால் எடையை முடிவு செய்ய வேண்டியது மறுநாள் காலை.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்: மூட்டு வீங்கியிருப்பவர்கள், முட்டி மடக்க நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்பவர்கள், கை கால் மரத்துப்போகிறவர்கள், வலியால் இரவில் விழித்துக்கொள்பவர்கள். முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். கை எந்தப் பக்கமும் உயராவிட்டால் பளு தூக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சமீபத்தில் சாப்பிட்டவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். அந்த மருந்துகள் தசைநாணைப் பாதிக்கக்கூடியவை.

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 3 வரை இருக்கலாம். மறுநாள் காலை அது பழைய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தால் எடை சரி. இறங்கவில்லை என்றால் அடுத்த முறை எடையையோ செட்டையோ (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் செட்) மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். முற்றிலும் நிறுத்திவிட்டால் இருக்கிற தாங்குசக்தியும் போய்விடும். பயிற்சிக்கு முன் வலி மாத்திரை போடவே கூடாது, இந்த மதிப்பெண்ணே பொய்யாகிவிடும்.

முதல் நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் போதும். திங்கள், வியாழன் என்று இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு பயிற்சியும் 2 செட், செட்டுக்கு 12 ரெப் (அசைவை ஒரு முறை முழுதாகச் செய்வது ஒரு ரெப்). இறக்க 3 விநாடி, ஒரு விநாடி நிறுத்தம், ஏற்ற 2 விநாடி. செட் முடியும்போது இன்னும் 4 ரெப் செய்யலாம் என்று தோன்ற வேண்டும். ஐந்து நிமிடம் நடந்து, அதே அசைவை எடையில்லாமல் ஒரு செட் செய்தால் உடம்பு சூடாகிவிடும்.

நாற்காலி ஸ்க்வாட்: நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பின்னால் நகரக் கூடாது. தொப்பென்று உட்காராமல் மெதுவாக உட்கார்ந்து எழுங்கள். முட்டி வலித்தால் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே மட்டும் வலிப்பவர்களுக்கு, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல் 30 முதல் 45 விநாடி நிற்பது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்; 4 முறை, நடுவே இரண்டு நிமிட ஓய்வு.

சாய்வுத் தண்டால்: முதலில் சுவரில், பிறகு சமையல் மேடையில், அதற்கப்புறம் மாடிப்படியில். முழங்கையைப் பக்கவாட்டில் விரித்தால் தோள் நசுங்கும். உடம்பிலிருந்து 45 பாகையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக்கை இழுப்பு: ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மறு கையில் 5 கிலோ டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுங்கள். உடம்பு முறுக்கிக்கொண்டால் எடை அதிகம் என்று அர்த்தம்.

ரோமேனியன் டெட்லிஃப்ட்: முதுகில் அடிபட்டவர்கள் அதிகம் பயப்படுவதும் அவர்களுக்கு மிகவும் தேவைப்படுவதும் இதுதான். சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முட்டியை லேசாகத் தளர்த்தி, முதுகை வளைக்காமல், பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். தொடையின் பின்பக்கம் இழுக்க வேண்டும். இடுப்பில் இழுத்தால் முதுகு வளைந்திருக்கிறது. ஒரு வாரம் இந்த அசைவு மட்டும். பிறகு இரண்டு கையிலும் 5 கிலோ, முட்டிக்குச் சற்றுக் கீழே வரைக்கும் போதும். தூங்கி எழுந்த முதல் ஒரு மணி நேரம் இதைச் செய்யாதீர்கள். இரவில் முதுகெலும்பு வட்டுகள் நீர் உறிஞ்சி விறைப்பாக இருக்கும். அதிகாலை ஐந்தரைக்கே ஜிம்முக்குப் போகிறவர்கள் இதை மாலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கடைசியாக, இரண்டு கையிலும் அரை வாளித் தண்ணீரோடு 20 மீட்டர் நடை, மூன்று முறை. ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் எடையை அளந்து ஏற்றலாம். கைப்பிடியில் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

எடை ஏற்றுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டம்பெல் ஸ்டாண்டில் 5 கிலோவுக்கு அடுத்து 7.5 இருக்கும். பார்த்தால் ஒரு படி, கணக்குப் போட்டால் 50 சதவீதம். அதனால் 5 கிலோவிலேயே முதலில் 15 ரெப் வரை போங்கள். பிறகு மூன்றாவது செட்டைச் சேருங்கள். அதுவும் இரண்டு வாரம் காலை வலியில்லாமல் போனால் 7.5 எடுத்து, ரெப்பை 8 ஆக்கி மறுபடி ஏறுங்கள். ஒரு வாரத்தில் எடை, ரெப், நாள் மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மூன்றையும் சேர்த்துக் கூட்டினால் எதனால் வலித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நோட்டில் நான்கு கட்டம் போதும்: எடை, ரெப், அப்போதைய வலி, காலை வலி.

பக்கத்தில் நிற்கும் மாஸ்டர் "இன்னும் ரெண்டு போடுங்க" என்பார். அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் உங்கள் நோட்டு அவருக்குத் தெரியாது. முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "மாஸ்டர், முட்டியில அடிபட்டிருக்கு, இந்த மாசம் முழுக்க இந்த எடைதான்."

இடையில் ஒரு வாரம் விட்டால் அதே எடை, ஒரு செட் குறைவு. இரண்டு மூன்று வாரம் விட்டால் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு மாதத்துக்கு மேல் போனால் முதல் வார எண்களிலிருந்தே தொடங்குங்கள். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். அவர்கள் நடையும் நாற்காலி ஸ்க்வாட்டும் மட்டும் வைத்துக்கொண்டு, காலை வலி 2-க்குக் கீழே நிலைத்த பிறகு டம்பெல்லைத் தொடலாம்.