குளூட்டன் இல்லாத பீஃப் டாக்கோ: கோதுமை எந்த வழியாக உள்ளே வருகிறது?

டோர்ட்டியா என்ற மெல்லிய ரொட்டியில் கறியை வைத்து மடித்துச் சாப்பிடும் மெக்சிகோ உணவு டாக்கோ. ஒரு டாக்கோவில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மாட்டிறைச்சி, மக்காச்சோள டோர்ட்டியா, மிளகாய், சீரகம், பூண்டு, வெங்காயம், தக்காளி, எலுமிச்சை. இதில் ஒன்றிலும் குளூட்டன் கிடையாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம்தான் குளூட்டன். டாக்கோவுக்கு இந்த மூன்றுமே தேவையில்லை. அப்படியிருந்தும் வீட்டில் பார்த்துப் பார்த்துச் செய்த டாக்கோவைச் சாப்பிட்டுவிட்டு, சீலியாக் நோய் (குளூட்டன் சேர்ந்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காருவது நடக்கத்தான் செய்கிறது. மசாலாப் பொட்டலம், மிக்ஸி ஜார், தவா என்று நாம் சந்தேகப்படாத வழியாகக் குளூட்டன் உள்ளே வந்துவிடுகிறது.

இன்னொரு வகைத் தோல்வியும் உண்டு. குளூட்டனை ஒழித்தாயிற்று, ஆனால் வாயில் வைக்க முடியவில்லை. கறி தண்ணீராக ஓடுகிறது, டோர்ட்டியா மடித்தவுடன் இரண்டாகப் பிளக்கிறது, மசாலா கசக்கிறது. கோதுமையை எடுத்துவிடுகிறோம், அது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்பதில்லை. அதுதான் சிக்கல்.

பொட்டலமும் லேபிளும்

டாக்கோ மசாலாப் பொட்டலத்தில் மிளகாயும் சீரகமும் மட்டும் இருப்பதில்லை. பொடி கட்டி தட்டாமல் இருக்கவும், கறியோடு சேரும்போது கெட்டிப்படவும் ஏதோ ஒரு மாவு சேர்த்திருப்பார்கள். சிலவற்றில் அது மக்காச்சோள ஸ்டார்ச், சிலவற்றில் கோதுமை மாவு. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொட்டல உணவில் கோதுமை சேர்த்திருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். பார்லிக்கும் ரைக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் ‘கோதுமை’ என்ற சொல் லேபிளில் இல்லை என்று நிம்மதியாகிவிடக் கூடாது. ‘மால்ட்’ என்று இருந்தால் அது பெரும்பாலும் முளைகட்டிய பார்லி. அதைத் தொட வேண்டாம். ஆனால் ‘மால்ட்டோடெக்ஸ்ட்ரின்’ வேறு. பெயரில்தான் மால்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்லி மால்ட்டோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. இந்த ஒரு சொல்லைப் பார்த்துப் பயந்து நல்ல பொருளைத் திருப்பி வைப்பவர்கள் நிறையப் பேர்.

‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013இல் வகுத்த வரம்பு, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்குக் குறைவு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸும் இதே 20ஐத்தான் வைத்திருக்கிறது. எவ்வளவு சின்ன அளவு என்பதை மனதில் வைத்துக்கொண்டால், ‘துளி மாவுதானே’ என்ற பேச்சே வராது.

சரி, பொட்டலமே வேண்டாம், மசாலாவை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்குகிறோம். நல்ல முடிவுதான். ஆனால் வீட்டில் செய்தது என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகிவிடாது. நேற்று கோதுமை ரவையைப் பொடித்த மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று கழற்றிப் பார்த்தால் தெரியும். மூட்டையைத் திறந்து வைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டியைப் போட்டு அள்ளி விற்கும் பொடிகளும் அப்படித்தான். முழுச் சீரகம், முழு மிளகாய், முழு மிளகு வாங்கி, இதற்கென்றே ஒதுக்கிய சின்ன ஜாரில் அரைத்துக்கொள்வது நல்லது. சீரகத்தை லேசாக வறுத்து அன்றே பொடித்தால் வரும் மணமும் பொட்டலத்தில் கிடைக்காது.

சில்லி பவுடர் வேறு, மிளகாய்த்தூள் வேறு

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் தடவை டாக்கோ செய்தபோது செய்முறையில் இரண்டு மேசைக்கரண்டி ‘சில்லி பவுடர்’ என்று இருந்தது. நான் சுத்த மிளகாய்த்தூளை அப்படியே இரண்டு மேசைக்கரண்டி போட்டேன். அன்று இரவு வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை, தண்ணீர்தான் நிறையக் குடித்தார்கள்.

அமெரிக்கச் செய்முறைகளில் வரும் சில்லி பவுடர் ஒரு கலவை. காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஒரிகானோ, பூண்டுப் பொடி, சில சமயம் உப்பும் சேர்ந்தது. 1890களில் டெக்சாஸில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி இப்படியொரு பொடியைப் புட்டியில் அடைத்து விற்றுப் பிரபலப்படுத்தினார். கைமாவை மசாலாவோடு வதக்கி மொறுமொறு ஓட்டில் நிரப்பும் டாக்கோவும் மெக்சிகோ எல்லைக்கு வடக்கே, அமெரிக்காவில் பரவிய டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சாஸ்-மெக்சிகோ கலப்புச் சமையல்) வழிதான். அதனால் இரண்டும் ஒரே செய்முறையில் சந்திப்பதில் வியப்பில்லை. கலவை என்றால் அதில் வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்ற பழைய கேள்வி மறுபடியும் வரும். ஆகவே சுத்தமான மிளகாயிலிருந்து தொடங்குவதே மேல். ஆஞ்சோ என்கிற உலர்ந்த பொப்ளானோ மிளகாய் கிடைத்தால் அருமை. கிடைக்காவிட்டால் காரம் குறைந்த சிவப்புப் பொடியான பாப்ரிகாவை முக்கியமாக வைத்து, காரத்துக்கு மட்டும் மிளகாய்த்தூளைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

450 கிராம் கைமாவுக்கு நான் போடும் கணக்கு இது: காரம் குறைந்த மிளகாய்ப் பொடியோ பாப்ரிகாவோ ஒரு மேசைக்கரண்டி, சீரகப் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, ஒரிகானோ தலா அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் கால், உப்பு முக்கால், காரமான மிளகாய்த்தூள் உங்கள் துணிச்சலுக்கு ஏற்ப. ஒரிகானோவிலும் இரண்டு வகை உண்டு. பீட்ஸாவில் தூவும் மத்தியதரைக்கடல் ஒரிகானோ புதினாக் குடும்பம். மெக்சிகன் ஒரிகானோ வேறு குடும்பத்துச் செடி, எலுமிச்சைச் சாயல் கொண்டது. முதலாவதைப் போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது, டாக்கோவில் மெல்லிய பீட்ஸா வாசனை வரும், அவ்வளவுதான்.

மொத்தமாகச் செய்து புட்டியில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆவி பறக்கும் வாணலிக்கு மேலே புட்டியைக் கவிழ்த்துத் தட்டாதீர்கள். உள்ளே ஈரம் ஏறி நாலு நாளில் கல்லாகிவிடும். கிண்ணத்தில் அளந்து எடுத்துக் கொட்டுங்கள்.

மாவு செய்த வேலையை யார் செய்வது?

வீட்டு மசாலாவில் செய்த கறி தட்டில் தண்ணீரும் எண்ணெயுமாகப் பிரிந்து ஓடுகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். காரணம் நேரானது. பொட்டலத்தில் இருந்த மாவுதான் சாற்றைக் கெட்டியாக்கி இறைச்சியோடு ஒட்ட வைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, ஆனால் பொட்டலத்தின் பின்பக்கம் சொன்ன தண்ணீரை மட்டும் அப்படியே ஊற்றினால் வேறென்ன ஆகும்?

ஒரு தேக்கரண்டி மக்காச்சோள ஸ்டார்ச் போதும். கோதுமை மாவைவிட அதற்கு ஏறக்குறைய இரு மடங்கு கெட்டிப்படுத்தும் சக்தி, அதனால் அதே அளவு போட்டால் பசையாகிவிடும். சூடான கறியில் நேரடியாகத் தூவினால் திரித்திரியாகும். அரைக் கப் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, கொதி வந்த பின் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். எலுமிச்சைச் சாற்றை இந்தக் கட்டத்தில் பிழியக் கூடாது. புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் ஸ்டார்ச் இளகி மறுபடி தண்ணீராகிவிடும். அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள்.

இறைச்சியை வேகவைத்துவிடாதீர்கள்

வெறும் மாட்டிறைச்சியில் குளூட்டன் இல்லை. முன்கூட்டியே மசாலா தடவி விற்பது, ரொட்டித்தூள் கலந்த பர்கர் கலவை, ரொட்டித்தூள் சேர்த்த சாசேஜ் அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்த கைமா, இவையெல்லாம் வேறு விஷயம். துண்டு இறைச்சியை ஊறவைத்துச் சுடும் கார்னே அசாடா வகை டாக்கோ என்றால் ஊறலைப் பாருங்கள். சோயா சாஸில் வழக்கமாகக் கோதுமை உண்டு. பீர் பார்லியில் செய்வது.

அப்புறம் சுவை. வாணலி காயும் முன்பே மொத்தக் கைமாவையும் கொட்டிக் கிளறிக்கொண்டே இருப்பதுதான் மிகப் பரவலான பிழை. இறைச்சி விடும் தண்ணீர் போக இடமில்லாமல் தேங்கும். தண்ணீர் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. இறைச்சி பழுப்பேறி மணப்பதற்கோ ஏறத்தாழ 140 வேண்டும். ஆக நீங்கள் வறுக்கவில்லை, வேகவைக்கிறீர்கள். அகலமான வாணலி, நல்ல சூடு, கைமா இரண்டு ஈடாக, முதல் மூன்று நிமிடம் கரண்டிக்கு ஓய்வு. அடியில் பழுப்பு ஏறிய பிறகு உடைத்துக் கிளறலாம். கைமா 71 டிகிரியைத் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, நடுப்பகுதி வேகும் முன்பே சில சமயம் சிவப்பு மறைந்துவிடும்.

பச்சைக் கைமாவிலேயே உப்பும் மசாலாவும் சேர்த்துப் பிசைபவர்களும் உண்டு. உப்போடு பிசைந்தால் இறைச்சியின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாசேஜ் மாதிரி ரப்பராகும். டாக்கோவுக்கு உதிரிதான் அழகு. தவிர, இறைச்சி பழுப்பேறும் சூட்டில் பாப்ரிகாவும் பூண்டுப் பொடியும் கருகிக் கசந்துவிடும். இறைச்சி பழுப்பேறிய பின் கொழுப்பை வடித்து, ஒரு மேசைக்கரண்டி மட்டும் விட்டுவைத்து, தணலைக் குறைத்து, மசாலாவை அதில் அரை நிமிடம் புரட்டுங்கள். மிளகாய், சீரகம் இரண்டின் மணமும் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். கொழுப்பை முழுக்க வடித்துவிட்டுத் தண்ணீரில் மசாலாவைக் கலக்குவோர், ஏன் ஏதோ குறைகிறது என்று உப்பை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

டோர்ட்டியா

நம் மொழியிலேயே இங்கு ஒரு கண்ணி இருக்கிறது. சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு. கடையில் ‘கார்ன் ஃப்ளவர்’ என்று வாங்கும் வெள்ளைப் பொடியோ பெரும்பாலும் வெறும் ஸ்டார்ச். மூன்றிலும் குளூட்டன் இல்லை. மூன்றிலும் டோர்ட்டியாவும் வராது. சாதாரண மக்காச்சோள மாவில் முயன்றாலும் தட்டும்போதே உதிரும்.

தேவைப்படுவது மாசா ஹரினா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி, அரைத்து, உலர்த்திய மாவு. சுண்ணாம்பு தானியத்தின் தோலைக் கரைத்து, மாவுக்கு ஒட்டும் தன்மையைத் தருகிறது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த மெசோஅமெரிக்க மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவருவது இது. அங்குள்ள பழங்குடி மொழியான நாவாட்டிலில் இதற்கான பெயரே சாம்பலைக் குறிக்கும் சொல்லோடு தொடங்குகிறது. கோதுமையில் குளூட்டன் செய்யும் வேலையை இங்கே சுண்ணாம்பு பார்த்துக்கொள்கிறது, அதனால் மாற்றுப் பசை எதுவும் தேவைப்படாது.

இரண்டு கப் மாவுக்கு ஒன்றரைக் கப் வெதுவெதுப்பான தண்ணீர், கால் மணி நேரம் மூடி வையுங்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டாம். வலுப்பெற இங்கே குளூட்டன் இல்லை, கைதான் வலிக்கும். ஒரு உருண்டையை அழுத்தும்போது ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை. தவா நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சுட்டதும் ஒவ்வொன்றாகப் பரிமாறாமல், துணியில் சுற்றிப் பத்து நிமிடம் அடுக்கி வைத்தால் தன் ஆவியிலேயே மெத்தென்று ஆகும்.

வாங்கிய டோர்ட்டியா மடித்தால் உடைவதற்குக் காரணம், பலர் அதைச் சூடாக்காமலே நிரப்புவது. காய்ந்த தவாவில் பக்கத்துக்கு அரை நிமிடம், அப்புறம் துணிக்குள். லேபிளையும் படியுங்கள்: மென்மைக்காகக் கோதுமை கலந்த ‘கார்ன்’ டோர்ட்டியாக்கள் இருக்கின்றன, ஒரே ஆலையில் இரண்டு வகையும் செய்வதும் உண்டு. மொறுமொறு ஓடு என்றால் அதைப் பொரித்த எண்ணெயில் முன்பு என்ன பொரிந்தது என்பதும் கேள்விதான்.

மேசைக்குப் போகும் முன்

தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, அவகாடோ பற்றிக் கவலை வேண்டாம். துருவி விற்கும் சீஸில் ஒட்டாமல் இருக்கத் தூவுவது வழக்கமாக உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ செல்லுலோஸோதான். குளூட்டனுக்காக இல்லை, நன்றாக உருகும் என்பதற்காகக் கட்டியாக வாங்கித் துருவச் சொல்வேன்.

மிச்சமிருப்பது பாத்திரங்கள். ‘தவா அவ்வளவு சூட்டில் இருக்கிறதே, எல்லாம் எரிந்திருக்கும்’ என்பார்கள். சமையல் சூடு குளூட்டனைப் பாதுகாப்பானதாக ஆக்காது. கோதுமை ரொட்டி சுட்ட தவா, கீறல் விழுந்த மரப்பலகை, பாஸ்தா வடித்த சல்லடை, மூன்றையும் தள்ளி வையுங்கள். வீட்டில் இரண்டு வகை டோர்ட்டியாவும் வேண்டுமென்றால் மக்காச்சோளத்தை முதலில் சுட்டு மூடிவிட்டு, பிறகு கோதுமைக்குப் போங்கள். சல்சா என்ற தக்காளிச் சட்னிக்கும் கறிக்கும் தனித்தனிக் கரண்டி. யாராவது கோதுமை டோர்ட்டியாத் துண்டைச் சல்சா கிண்ணத்தில் தோய்த்துவிட்டால், அந்தக் கிண்ணம் இனி அவருடையது. மற்றவர்களுக்கு இன்னொன்று எடுத்து வைத்துவிடுங்கள்.