கோடை முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது நாம் செய்யும் தவறுகள்

மே மாதத்தில் ஒரு நாள் விடிகாலை ஐந்து மணிக்குப் பங்குக் கோவில் வாசலில் வேன் நிற்கும். ஓர் அம்மா முறுக்கு டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டிருப்பார். ஓர் அப்பா டிரைவரிடம், "ஏசி வேலை செய்யுதா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். பங்குத்தந்தை தூக்கம் கலையாத முகத்தோடு வந்து ஒரு சின்ன செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். மறைமாவட்ட இளையோர் முகாமுக்குப் பிள்ளைகள் கிளம்பியாயிற்று. போர்வை இருக்கிறது, டார்ச் இருக்கிறது, விவிலியம்கூட இருக்கிறது. "எதுக்குப் போறீங்க?" என்று கேட்டால் மட்டும் பாதிப் பேருக்குத் தெரியாது. "டீச்சர் பேர் குடுத்தாங்க" என்பார்கள்.

அந்த டீச்சர் நான்தான். ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவள். கோடைக்குக் கோடை இந்த வேனில் ஏறி இறங்கியதில், முகாமில் நடக்கும் சொதப்பல்களில் பெரும்பாலானவை ஏப்ரல் மாதத்திலேயே நம் கையால் விதைக்கப்பட்டவை என்று எனக்குப் புரிந்தது. அவற்றில் பல நானே செய்தவை.

பேர் கொடுக்கும்போதே

சுற்றறிக்கை வரும். பங்குக்கு, அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் குழுவுக்கு, பத்துப் பேர், ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை படிப்பவர்கள். ஞாயிறு திருப்பலி முடிவில் கோவில் வரி பாக்கி, அன்பியக் கூட்டம் எல்லாம் வாசித்து முடித்து ஆறாவது அறிவிப்பாக இது வரும்போது, பாதிச் சனம் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். ஆகவே யார் பேர் கொடுப்பார்கள்? பீடத்தில் உதவுகிற பையன், பாடகர் குழுப் பெண், பங்குப்பேரவைச் செயலாளரின் மகள். போன வருடமும் அவர்கள்தான் போனார்கள். மாதத்தில் ஒன்றிரண்டு முறை மட்டுமே திருப்பலி நடக்கும் கிளைக்கிராமத்துப் பிள்ளைகளுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் பத்து இடமும் நிரம்பியிருக்கும். கிளைக்கிராமங்களுக்கு நான்கு இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அப்புறம் அறிவிப்பு கொடுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் உண்டு. சேட்டை செய்கிற பையனைத் "திருத்திக்கொண்டு வர" அனுப்புவது. ஒரு முறை வேன் வாசலில், எல்லோர் முன்னாலும், ஓர் அம்மா சொன்னார்: "எப்பப் பாரு செல்லுதான் டீச்சர், அங்க போயாவது புத்தி வரட்டும்." அந்தப் பையன் மூன்று நாளும் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பொறுத்தவரை அது தண்டனை. தண்டனை முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவனிடம் எந்த அருட்தந்தை எவ்வளவு நன்றாகப் பேசி என்ன?

இப்போது நான் வீட்டுக்கே போகிறேன். பத்து நிமிடம் போதும். பெற்றோரிடம் கேட்பதற்கு முன் பிள்ளையிடம் கேட்கிறேன், ஏன் அவனைக் கேட்கிறேன் என்பதையும் சொல்கிறேன். "போன கிறிஸ்துமஸ் குடில் வேலையில சின்னப் பசங்க எல்லாரையும் சேர்த்துக்கிட்டு வேலை வாங்கினியே, அதைப் பாத்துதான் உன்னைக் கேக்கறேன்." தன்னை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டுக்குப் போவதில் இன்னொரு லாபம், பெற்றோரின் பயம் வெளியே வரும். மே மாதத்தில்தான் குருமடங்களும் துறவற சபைகளும், குருவாகவோ துறவியாகவோ விரும்புகிற பிள்ளைகளுக்காக, இறையழைத்தல் முகாம் நடத்துகின்றன. பல பெற்றோருக்கு இரண்டும் ஒன்றுதான். ஒற்றைப் பெண்ணை வைத்திருக்கும் அப்பா ஒருவர், காபி கொடுத்து உபசரித்துவிட்டு, "எங்களுக்கு இருக்கறது ஒரே பொண்ணு டீச்சர், மடத்துல சேத்துடாதீங்க" என்று நிஜமாகவே கலங்கிப்போய்ச் சொன்னார். இது வேறு முகாம் என்று விளக்கியதும் சிரித்துவிட்டார். விளக்காமல் விட்டிருந்தால் "அவளுக்குக் காய்ச்சல்" என்று கடைசி நாளில் போன் வந்திருக்கும்.

அங்கே என்ன நடக்கும் என்று சொல்லாமல் விடுவது

"போனதும் நீயே பாரு, சூப்பரா இருக்கும்." இதைச் சொல்லாத ஊக்குநர், அதாவது பிள்ளைகளைக் கூட்டிப்போகும் பெரியவர், உண்டா? விளையாட்டுக்கும் ஆட்டம்பாட்டத்துக்கும் சரி. ஆனால் இரண்டாம் நாள் இரவு ஒரு மணி நேரம் பேச்சுமூச்சின்றி நற்கருணை முன், அதாவது இயேசுவின் உடலாக நாம் வணங்கும் அப்பத்தின் முன், உட்காரவேண்டும், பக்கத்திலேயே பாவசங்கீர்த்தனத்துக்கு, குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற, வரிசை நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லத்தான் வேண்டும்.

ஒரு பதினோராம் வகுப்புப் பெண். வரிசையில் நிற்பாள், முன்னால் இரண்டு பேர் மிச்சம் இருக்கும்போது விலகிப் பின்னால் போய்விடுவாள். மூன்று முறை பார்த்துவிட்டு அருகில் போய் உட்கார்ந்தேன். ஏதோ பெரிய பாரம் என்று நினைத்தேன். அவள் காதோடு சொன்னது இதுதான்: "கடைசியா எப்பப் பாவசங்கீர்த்தனம் செஞ்சேன்னு சொல்லணுமாம் டீச்சர். புதுநன்மை வாங்கினப்ப செஞ்சது. தேதி ஞாபகம் இல்ல. மனத்துயர் செபமும் மறந்துபோச்சு."

புதுநன்மை என்பது முதன்முதலாக நற்கருணை வாங்குவது. அதற்குப் பிறகு ஏழெட்டு வருடம் அவள் கோவிலுக்கு வராமல் இல்லை. ஞாயிறு தவறாமல் வந்தாள், என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். நான்தான் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அதனால் இப்போது கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு மாலை இதற்கென்று வைக்கிறோம். தேதி தெரியவேண்டாம், "ரொம்ப வருசமாச்சு ஃபாதர்" என்றால் போதும். செபம் மறந்தால் அவரே கூடச் சேர்ந்து சொல்லித்தருவார், அல்லது அட்டையைப் பார்த்து வாசிக்கலாம். பாட்டிமார் மனஸ்தாப மந்திரம் என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். வெட்கமாக இருந்தால் திரைக்குப் பின்னால் கேட்கச் சொல்லலாம். அப்புறம், பிள்ளைகள் கேட்கத் தயங்குகிற, ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கிற கேள்வி: "வீட்ல சொல்லிருவாரா?" மாட்டார். திருச்சபைச் சட்டம் 983 அதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிப்பதில்லை. நேரடியாக மீறும் குரு அந்தக் கணமே திருச்சபை உறவிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிறார். இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு பெருமூச்சு கேட்கும், ஒவ்வொரு வருடமும்.

நற்கருணை ஆராதனையில் இன்னொரு சிக்கல். விளக்கை அணைத்து, கீபோர்டை மெல்ல இழையவிட்டு, அருட்தந்தை உருக்கமாகப் பேச ஆரம்பித்தால் பாதிப் பிள்ளைகள் அழுவார்கள். அழட்டும், தப்பில்லை. ஆனால் அழுகை வராத பிள்ளை, தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்கிறது. "உனக்கு ஒண்ணுமே தோணலைன்னாலும் நீ அங்க இருந்ததே செபம்தான்" என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்.

கார்லோ அகுதீஸ் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 2025 செப்டம்பர் 7 அன்று அவரைத் திருத்தந்தை 14-ஆம் லியோ புனிதராக அறிவித்ததிலிருந்து அவர் இல்லாத இளையோர் முகாம் இல்லை. பதினைந்து வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தவர், ஜீன்ஸ் போட்டவர், நற்கருணைப் புதுமைகளை, அதாவது அற்புதங்களை, தொகுத்து இணையதளம் உருவாக்கியவர். பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் நம் ஊரில் ஒரு பையன் என்னிடம், "எங்க வீட்ல கம்ப்யூட்டரே இல்லையே டீச்சர்" என்றான், பாவம். புதுநன்மை வாங்கியதிலிருந்து கார்லோ தினமும் திருப்பலிக்குப் போனதை நாம் சொல்லத் தவறியதால் வந்த வினை. அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை.

தலைமைப்பண்பு என்றால் மைக் என்று நினைப்பது

போகும் முன் நாம் தரும் பயிற்சி என்ன? ஒரு நடனம், ஒரு குறுநாடகம், "நன்றியுரை யார் சொல்றது?" மேடையில் பேசத் தெரிந்தவன் தலைவன், தெரியாதவன் கைதட்டுபவன் என்று அங்கேயே பிரித்துவிடுகிறோம்.

பெல்ஜியத்துக் குருவான ஜோசப் கார்டைன் 1925-இல் இளம் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியபோது ஆலைகளில் வேலை செய்த பிள்ளைகளிடம் கேட்டது மேடைப் பேச்சை அல்ல. உன் வேலையிடத்தில் என்ன நடக்கிறது, பார். அது சரியா, நற்செய்தியின் வெளிச்சத்தில் சீர்தூக்கு. பிறகு உன்னால் முடிந்ததைச் செய். 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் தம் சுற்றுமடலிலேயே இந்த முறையைப் பரிந்துரைத்தார். இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் நடக்கும் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது பழக்கமானதுதான்.

இதையே வீட்டுப்பாடமாகக் கொடுத்தேன். முகாமுக்கு முன் இரண்டு வாரம் நம் பங்கைச் சும்மா பார்த்துவிட்டு, ஒரே ஒரு விஷயம் எழுதிக்கொண்டு வரவேண்டும். பெரும்பாலானோர் "ஒற்றுமை இல்லை" என்று எழுதினார்கள். பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு எழுதியது. நடனத்திலும் இல்லாமல் நாடகத்திலும் இல்லாமல் இருந்த ஒரு பெண் நாலு வரி எழுதியிருந்தாள். மறைக்கல்வி நடக்கும் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறையில் உள்தாழ்ப்பாள் இல்லை. அதனால் பெண்பிள்ளைகள் திருப்பலியும் வகுப்பும் முடிந்து வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். சிலர் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை.

நானும் பெண்தான். அந்தக் கட்டடத்தில்தான் வருடக்கணக்காக வகுப்பு எடுக்கிறேன். என் கண்ணில் அது படவே இல்லை. அந்தத் தாளைத்தான் முகாமுக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

போனும் ரிசல்ட்டும்

செல்போனை வாங்கி வைப்பார்கள் என்பதை வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள், சண்டை வரும். ஒரு வாரம் முன்பே சொல்லி, ஊக்குநர் எண்ணைப் பெற்றோருக்குக் கொடுத்து, எந்த நேரத்தில் பேசலாம் என்பதையும் சொல்லிவிட்டால் முடிந்தது.

பெரிய தவறு நாள்காட்டியைப் பார்க்காதது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் மே மாதத்தில் வருவது வழக்கம். அண்மை ஆண்டுகளில் தேர்வு அட்டவணையோடு சேர்த்தே உத்தேசத் தேதியையும் அறிவித்துவிடுகிறார்கள். ஒரு வருடம் அது முகாமின் இரண்டாம் நாளில் விழுந்தது. பிள்ளைகளின் போன் எல்லாம் அலுவலக அலமாரியில். வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் அழைப்பிலேயே தெரிந்தது, எங்கள் பையன் ஒருவன் கணக்கில் போய்விட்டான். ஐம்பது பேர் நடுவில் அவனிடம் எப்படிச் சொல்வது? தேநீர் இடைவேளையில் மரத்தடிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன், துணைத்தேர்வு இருக்கிறது என்பதையும் சேர்த்து. அன்று மாலை அமர்வு எதுவும் அவன் காதில் ஏறவில்லை. ரிசல்ட் நாள் இடையில் வந்தால் அந்த வகுப்புப் பிள்ளைகளிடம், "தெரிஞ்சுக்கறியா, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கறியா, யார் சொன்னா பரவாயில்ல?" என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்கத்தால் மறைக்கப்படுபவை

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினால் போதாது. வலிப்புக்கு மாத்திரை எடுக்கும் பிள்ளையின் பெற்றோர் அதை எழுதமாட்டார்கள், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று. தனியாகப் பேசினால்தான் சொல்வார்கள். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பெட்டிக்கு அடியில் அல்ல, கைப்பையில் இருக்கவேண்டும். நாப்கின் ஊக்குநரிடம் கூடுதலாக இருக்கவேண்டும், அது யாரிடம் இருக்கிறது என்பது பெண்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பெண்பிள்ளைகள் போகும் குழுவோடு பெண் ஊக்குநர் போகாமல் இருக்கவே கூடாது. அட்டவணையில் இல்லாத ஆறு, கிணறு, அணை எதிலும் இறங்க அனுமதி இல்லை. எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

மூடிய அறையில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது, அவர் யாராக இருந்தாலும். இதைப் பெரியவர்களுக்கு மட்டும் சொல்லி விட்டுவிடுகிறோம், பிள்ளைகளுக்கும் சொல்லவேண்டும். சங்கடமாக ஏதாவது நடந்தால் யாரிடம் சொல்வது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எதற்கு என்று கிளம்பும் முன் தெளிவாகச் சொல்லுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது என்று தெரிந்த எவரும் புகார் தெரிவித்தே ஆகவேண்டும். "சபைக்குள்ளேயே பேசித் தீத்துக்கலாம்" என்பதற்கு அங்கே இடம் கிடையாது.

திரும்பி வந்த ஞாயிறு

தயாரிப்பில் நாம் கணக்கிலேயே சேர்க்காதது இதைத்தான். திருப்பலி முடிவில் இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு அனுபவப் பகிர்வு. "ரொம்ப நல்லா இருந்தது, பங்குத்தந்தைக்கு நன்றி." கைதட்டல். ஜூன் வந்துவிடும், ஞாயிறு காலை டியூஷன் தொடங்கிவிடும்.

2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'கிறிஸ்து வாழ்கிறார்' மடல், இளையோர் பணியை நடத்துவோர் இளையோரே என்கிறது. அப்படியென்றால் பிள்ளைகள் போகும் முன்பே பங்கைத் தயாரிக்கவேண்டும். வந்ததும் பங்குப்பேரவையில் அவர்களுக்குப் பதினைந்து நிமிடம் என்று ஏப்ரலிலேயே பங்குத்தந்தையிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த வருடம் வாங்கி வைக்கவில்லை.

அந்தப் பெண் தாழ்ப்பாள் தாளோடு திரும்பி வந்தாள். முகாமில் அதைச் செயல்திட்டமாகவே எழுதி, யார் யாரிடம் பேசவேண்டும் என்றுகூடக் குறித்திருந்தாள். பேரவையில் முதல் கூட்டத்தில் நேரம் இல்லை. இரண்டாம் கூட்டத்தில், "கழிப்பறையையே இடிச்சுப் புதுசா கட்டப்போறோம், அப்பப் பாத்துக்கலாம்" என்றார் ஒரு பெரியவர். மூன்றாவது ஞாயிறு மறைக்கல்விக்கு அவள் தன் அண்ணனோடு வந்தாள். அவன் கையில் ஸ்க்ரூ டிரைவர், பாலித்தீன் பையில் நாலு திருகாணி, ஒரு தாழ்ப்பாள். நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் பத்து நிமிடம் சத்தம் கேட்டது. அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து, பக்கத்துப் பெண்ணிடம், "போய்ட்டு வா" என்றாள்.